தறிமேல் இருக்கும் பாடநூல்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் அவதரித்த தலம். வரலாற்று ஆய்வாளர்களுக்குச் செப்பேடு கிடைத்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அளித்ததாக அந்தச் செப்பேடு கூறும் கொடையில், கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்றே ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஊர் கூடிக் கேட்டுத் தெரிந்துகொள்ள அரசு செலவிட்டது.

இன்று அதே வட்டாரத்துப் பிள்ளைகளின் கையில் கைபேசி. விரல் பட்டதும் படம் ஓடுகிறது. எப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், பிரித்துக் காட்ட ஆசிரியரால் ஆகாது. புரியாதது வியப்பைத் தரும் என்பார்கள். சில நாள் தரும், பிறகு பழகிவிடும். உள்ளே எட்டிப் பார்த்தவருக்குத்தான் வியப்பு தங்குகிறது.

எட்டிப் பார்க்கக் காஞ்சியிலேயே இடம் உண்டு: பட்டுத்தறியின் மேலே ஏற்றிய ஜக்கார்டு பெட்டி. நெசவாளர் மிதியை அழுத்தியதும், சரமாகக் கோத்த அட்டைகளில் ஒன்று திரும்பி ஊசிகளின் முன் நிற்கிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைய, அதன் கொக்கி பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ள, இழை கீழேயே கிடக்கிறது. இடையில் ஜரிகை ஓடுகிறது. உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளால் மயிலும் அன்னமும் கரையில் ஏறிவிடுகின்றன. கணினியும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது.

இது வெறும் உவமை அல்ல, வம்சாவளி. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் 1804-ஐ ஒட்டி உருவாக்கிய அட்டை முறையை, சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 24,000 அட்டைகளால் பட்டில் நெய்த ஜக்காரின் படம் ஒன்றும் பாபேஜிடம் இருந்தது. அச்சுப்படம் என்றே பார்த்தவர்கள் ஏமாந்தார்களாம்! 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் என்பவர் துளை அட்டைகளால் எண்ணி முடித்தார். அவருடைய நிறுவனம் பின்னாளில் ஐ.பி.எம்.மில் கலந்தது.

இப்போது மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. டிசைனைப் பென் டிரைவில் ஏற்றினால் போதும். அட்டை குத்தும் வேலையும் நேரமும் மிச்சம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் துளை கண்ணுக்கு மறைந்துவிட்டது.

அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டு. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணவர் அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்பதற்காக, 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அதன் கருத்தாளர்கள் காஞ்சி வட்டாரப் பிள்ளைகளை ஒருநாள் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போகலாம். ஆளுக்கொரு வெற்று அட்டை கொடுத்து, கிராஃப் தாளில் தம் பெயரின் முதலெழுத்தை வரைந்து துளையிடச் சொல்லலாம். கூரத்தில் பாரதம் வாசித்தவருக்குப் பங்கு ஒதுக்கியது போல, பாடம் நடத்தும் நெசவாளருக்கு அன்றைய கூலியைப் பள்ளிக்கல்வித் துறை தந்துவிட வேண்டும்.