கதைப்படங்களில் யாருடைய பிள்ளைகள்?

வோல்ற் டிஸ்னி நிறுவனத்தின் கடற்கன்னிக் கதை 2023இல் மீண்டும் படமாகியபோது, ஹாலி பெய்லி என்ற கறுப்பின நடிகை கடற்கன்னியாக வந்தது பெரிய வாக்குவாதமாயிற்று. 2025இல் வந்த 'ஸ்னோ வைற்' படத்திற்கும் அதே கதிதான். அதில் நடித்தவரின் தாய்வழி கொலம்பியா. எங்குமே இல்லாத ஒரு மீன்பெண்ணின் தோல் என்ன நிறமென்று வளர்ந்த மனிதர் சண்டை பிடித்தது வேடிக்கை. ஆனால் சண்டைக்கு அடியில் கிடக்கும் கேள்வி வேடிக்கையானதல்ல. பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதைக்குள் யார் இருக்கலாம், அதைச் சொல்பவர் யார் என்பதே அது. மொன்றியலில் இந்தக் கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்துவருகிறது.

1968 தொடக்கம் 1971 வரை றேடியோ-கனடா தொலைக்காட்சியில் 'பான்ஃப்ரெலூஷ்' என்றொரு பொம்மை தேவதைக் கதைகள் சொன்னாள். கதையின் போக்குப் பிடிக்காவிட்டால் புத்தகத்திற்குள் தானே புகுந்து அதை மாற்றிவிடுவாள். ஒரு தலைமுறைக் கியூபெக் பிள்ளைகள் அவளோடு வளர்ந்தார்கள். அந்தப் பொம்மையாக நடித்த கிம் யரொஷெவ்ஸ்காயா 1923இல் மொஸ்கோவில் பிறந்தவர். பெற்றோரை இழந்து பத்து வயதில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவர். பிரெஞ்சுக் கியூபெக்கின் பாட்டிக்கதைகளை ஓர் அகதிப்பிள்ளைதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று நினைக்கையில் எனக்கு ஒருவித சந்தோஷம்.

இன்னொரு பக்கம் தேசியத் திரைப்படச் சபை. 1939இல் ஆரம்பிக்கப்பட்டு 1956இல் ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்கு வந்த இச்சபை, எழுபதுகளில் வடதுருவ மக்களின் கதைகளை அசைவூட்டப் படங்களாக்கியது. ஒல்லாந்திலிருந்து வந்த கோ ஹூடமன் 1971இல் ஆந்தையும் எலியும் கதையைப் பொம்மைகளை வைத்து எடுத்தார். அமெரிக்காவில் பிறந்த கரோலைன் லீஃப் 1974இல் கண்ணாடியில் மணலைப் பரப்பி, வாத்தை மணந்த ஆந்தையின் கதையைச் செய்தார். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆந்தையும் வாத்தும் எழுப்பும் ஓசைகளை இனுயிற் மக்களே கொடுத்திருந்தார்கள். ஆனாலும் படத்தின் தலைப்பின்கீழே 'எஸ்கிமோப் பழங்கதை' என்றுதான் எழுதியிருந்தது. அம்மக்கள் தம்மை அழைக்கும் பெயர் அதுவல்ல. கதை அவர்களுடையது, குரல் அவர்களுடையது. இயக்கியவரும் பெயர் வைத்தவரும் வேறு ஆட்கள்.

அபெனாக்கி இனத்தவரான அலானிஸ் ஒபொம்சவின் அதே சபையில் செய்த முதற்படம் 1971இல் வந்தது. ஜேம்ஸ் குடாவின் அருகே மூஸ் ஃபக்றரி என்ற இடத்தில் இருந்த வதிவிடப் பாடசாலையில் பூர்வகுடிப் பிள்ளைகள் கீறிய நத்தார்ப் படங்களை வைத்து, அவர்களது குரலிலேயே அதைச் செய்தார். வீட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் வீட்டைக் கீறியிருக்கிறார்கள். இத்தகைய பாடசாலைகளுக்காகக் கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது 2008இல்.

எம்மவர் கதைக்கு வருவோம். 1977இன் 101ஆம் சட்டத்தினால் மொன்றியலில் எமது பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகிறார்கள். வடை சுட்ட பாட்டியும் நரியும் வீட்டில். சிவப்புத் தொப்பிக்காரியும் ஓநாயும் வகுப்பில். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திரைப்படச் சபை பல சமூகத்துப் பிள்ளைக்கதைகளைக் குறும்படங்களாக்கியது. அவற்றுள் 2001இல் வந்ததுதான் 'கீதாவுக்கு விளக்குகள்'. றச்னா கில்மோரின் 1994ஆம் ஆண்டுப் புத்தகத்தை வைத்து மிஷெல் வோ இயக்கியது. புதுடில்லியிலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமி தீபாவளிக்குக் காத்திருக்கிறாள். பனிப்புயலில் மின்சாரம் போய்விடுகிறது. இருட்டில் அகல்விளக்குகள் எரிகின்றன. அழகான படம். 1998 சனவரிப் பனிப்புயலில் நாட்கணக்காக மின்சாரமின்றிக் கிடந்த மொன்றியல்காரருக்கு இன்னும் நெருக்கமானது.

ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இதில் எங்கே? தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத ஊரில், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்த பிள்ளைக்கு இருட்டில் எரியும் சுடர் பண்டிகை அல்ல. அது பொருளாதாரத் தடை. பாடசாலையில் 'உங்கள் படம்' என்று கீதாவைக் காட்டினால் அந்தப் பிள்ளை தலையாட்டும், அவ்வளவுதான். மண்ணிறத் தோலுக்கெல்லாம் ஒரே கதை போதுமென்று நினைப்பதும் ஒருவகைக் கவனமின்மையே.

எமது பிள்ளைகளுக்குக் கிட்டவாக நிற்பவள், என்னைக் கேட்டால், லெபனான்காரி சவுசான். ஷீரா அவ்னியும் செரீன் எல்-ஹாஜ் தாவூத்தும் 2000இல் இயக்கிய 'வெகுதூரத்திலிருந்து' படத்தின் நாயகி. யுத்தத்திலிருந்து தப்பி வந்தவள். வகுப்பில் மொழி தெரியாது. மற்றப் பிள்ளைகள் ஹலோவீனுக்காகப் பயங்காட்டும் அலங்காரங்கள் செய்கிறார்கள். அவர்களுக்கு விளையாட்டு. இவளுக்குச் சாவு பார்த்த ஞாபகம். குண்டுச்சத்தம் கேட்டு வளர்ந்து, கனடா தினத்து வாணவேடிக்கைக்கு மேசையின்கீழ் ஒளிந்த பிள்ளைகள் எம்மிடையேயும் இருந்தார்கள்.

இந்தக் கதையை எந்த நிபுணரும் கற்பனை செய்யவில்லை. சவுசான் அஸ்கார் என்ற சிறுமி கனடாவுக்கு வந்தபின் றொபேட் மன்ச் என்ற பிள்ளைக்கதை எழுத்தாளருக்குத் தன் அனுபவத்தைக் கடிதமாக எழுதினாள். 1995இல் அது புத்தகமாயிற்று. அட்டையில் மன்ச்சின் பெயரோடு அவளுடைய பெயரும் ஆசிரியராக இருக்கிறது.