ஆடுகளத்திலும் உரிமை கேட்ட ஆசிரியர்

பேஸ்பால் என்னும் அமெரிக்க ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்தவர் யார் என்று வினவினால், 1947-ஆம் ஆண்டில் புரூக்ளின் அணியில் ஆடப் புகுந்த ஜாக்கி ராபின்சன் என்று விடை வரும். அந்தத் தடை எப்போது, எவரை நிறுத்துவதற்காக எழுப்பப்பட்டது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அதை அறிய எண்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். அங்கே ஒரு பள்ளி ஆசிரியர் நிற்கக் காண்போம். அவரே ஆக்டேவியஸ் காட்டோ.

1839-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், அடிமைமுறை வேரூன்றியிருந்த தென் கரோலினா மாநிலத்தில், சார்லஸ்டன் நகரில் காட்டோ பிறந்தார். எனினும் அவர் அடிமையாகப் பிறந்தவரல்லர். சமயப் போதகரான தந்தையுடன் சிறுவயதிலேயே வடக்கே சென்று பிலடெல்பியாவில் வளர்ந்தார். அங்குக் கறுப்பின இளைஞர்க்கென நடந்த கல்வி நிலையத்தில் பயின்று, 1858-இல் முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டே அந்நிலையத்தில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியரானார்.

அவர் பெற்ற கல்வி வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. பிலடெல்பியாவில் குதிரைகள் இழுத்துச் சென்ற டிராம் வண்டிகளில் கறுப்பின மக்கள் ஏறி அமர இடமில்லாதிருந்தது. அதை எதிர்த்து காட்டோவும் தோழர்களும் ஓயாது போராடியதன் பயனாக, 1867 மார்ச்சில் அத்தடையை நீக்கும் மாநிலச் சட்டம் பிறந்தது. சில நாட்களுக்குள் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமகள் கரோலின் லெகவுன்ட் என்னும் ஆசிரியையை ஏற்ற மறுத்த நடத்துநருக்கு நூறு டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

உள்நாட்டுப் போர் முடிந்ததும், காட்டோவும் அவருடைய நண்பர் ஜேக்கப் ஒயிட்டும் சேர்ந்து ‘பித்தியன்’ என்னும் பேஸ்பால் கழகத்தைக் கட்டி வளர்த்தனர். அணித்தலைவராக நின்று காட்டோ ஆடினார். 1867 அக்டோபரில், ஹாரிஸ்பர்க் நகரில் கூடிய மாநில பேஸ்பால் சங்கத்தில் உறுப்புரிமை கோரிக் கழகம் விண்ணப்பித்தது. அங்கே நிகழ்ந்தது நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டிய நிகழ்ச்சியாகும். கழகத்தின் பிரதிநிதியை எவரும் ஏசவில்லை. மாறாக, வெள்ளையர் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டு பரிவு காட்டினர். “எங்களுக்கு எதிர்ப்பில்லை, எங்களை அனுப்பிய கழகங்கள்தாம் ஒப்பமாட்டா, தோற்று அவமானப்படுவதினும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவது நல்லது” என்பதே அவர்கள் கூறியதன் சாரம். வேறு வழியின்றி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. கதவு மூடப்பட்டது, மூடிய கையோ தன்னை அன்புக்கை என்று சொல்லிக்கொண்டது!

அவ்வாண்டு டிசம்பரில் பிலடெல்பியாவிலேயே கூடிய தேசிய சங்கம் அந்தப் பரிவையும் விட்டொழித்தது. ஒரே ஒரு கறுப்பினத்தவர் இருந்தாலும் அக்கழகத்தைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. அவர்களைச் சேர்த்தால் பிளவு வரும், விலக்கினால் எவர்க்கும் தீங்கில்லை என்பதே கூறப்பட்ட காரணம். விலக்கப்பட்டவர் ‘எவர்க்கும்’ என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை போலும்.

பித்தியன் கழகம் துவண்டு கலைந்துவிடவில்லை. 1869 செப்டம்பரில் ‘ஒலிம்பிக்’ என்னும் வெள்ளையர் கழகம் அவர்களோடு களமிறங்க இசைந்தது. கறுப்பினத்தவர் அணியும் வெள்ளையர் அணியும் பலரறிய மோதிய முதல் ஆட்டங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 44-க்கு 23 என்ற கணக்கில் பித்தியன் தோற்றது. ஆனால் அடுத்த மாதமே ‘சிட்டி ஐட்டம்’ என்னும் மற்றொரு வெள்ளையர் அணியை 27-க்கு 17 என்று வென்றது. சங்கம் தர மறுத்த சமநிலையை அவர்கள் களத்தில் நிலைநாட்டினர்.

பென்சில்வேனியாவில் 1838-இல் பறிக்கப்பட்ட வாக்குரிமை, 1870-இல் அரசியல் சட்டத்தின் 15-ஆவது திருத்தத்தால் கறுப்பின ஆடவர்க்கு மீண்டது. தம் மக்கள் வாக்களிக்க வேண்டுமென்று காட்டோ அயராது உழைத்தார். 1871 அக்டோபர் 10, தேர்தல் நாள். கறுப்பின மக்களைத் தடுக்க வன்முறைக் கும்பல்கள் தெருக்களில் திரிந்தன. தம் இல்லத்தருகே காட்டோ சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. ஆறாண்டுகளுக்குப் பின் 1877-இல், குற்றஞ்சாட்டப்பட்ட பிராங்க் கெல்லியைச் சாட்சிகள் அடையாளம் காட்டியும், நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது.

காட்டோ மறைந்து ஈராண்டில், 1873-இல், மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்நாட்டுப் போராட்டம் நமக்கு அயலானதன்று என்பதற்கு அதுவே சான்று. விலங்கு கழன்ற பின்னும் வண்டியிலும் களத்திலும் வாக்குச்சாவடியிலும் தொடர்ந்த போராட்டத்தைக் காட்டோவின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

2017-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகர மன்றக் கட்டடத்தருகே அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. வாக்குப் பெட்டியை நோக்கி அவர் நடந்து செல்வதாக அச்சிலை அமைந்துள்ளது. அது எழ 146 ஆண்டுகள் ஆயின.

இளைஞர்களே! காட்டோவுக்குப் பள்ளி வேறு, விளையாட்டு வேறு, உரிமை வேறு அல்ல. படித்தவன் தனக்கென ஓர் இருக்கை தேடி அமர்ந்துவிடாமல், தன் மக்கள் அனைவர்க்கும் இருக்கை கேட்டான் என்பதே அவர் வரலாறு. உங்களிடம் இனிய முகத்தோடு “இப்போது வேண்டாம்” என்று கூறுவோர் வருவர். அவர்களுடைய முகத்தைப் பாராதீர்கள்; கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.