ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் முகாம் பிள்ளைகளின் கல்வியும்

ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இலங்கைப் போரால் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் தங்கள் மக்களுக்காகத் தாங்களே நடத்திவரும் தொண்டு நிறுவனம். 1984இல் சென்னையில் தொடங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஒஃபர்’ என்றும் சொல்வார்கள். மருத்துவம், ஊட்டச்சத்து, தொழிற்பயிற்சி எனப் பல பணிகள் இதற்கு உண்டு. ஆனால் முகாமில் வளர்ந்தவர்களின் வாழ்க்கையை மாற்றியது இதன் கல்விப் பணிதான். அதைச் சுமந்த தொண்டர்கள் பெரும்பாலும் ஏதிலிகள். பாடம் சொன்னவரும் கேட்ட பிள்ளையும் ஒரே முகாமில், ஒரே பதிவேட்டில் இருந்தார்கள்.

நிறுவியவர் எஸ். சி. சந்திரகாசன். 1949இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய சா. ஜே. வே. செல்வநாயகத்தின் மகன், வழக்கறிஞர். 1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது நடந்த வன்முறைக்குப் பின் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1985 ஆகஸ்டில், இலங்கை அரசுக்கும் தமிழ் அமைப்புகளுக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்த வேளையில், அன்டன் பாலசிங்கம், சத்தியேந்திரா ஆகியோருடன் இவரையும் வெளியேற்ற இந்திய அரசு ஆணையிட்டது. விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர் திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார். ஊர் திரும்பும் நாளுக்குத் தகுதியானவர்களாக மக்களை ஆக்குவதே அவர் முன்வைத்த குறிக்கோள். கல்வி முதலிடம் பெற்றது அதனால்தான்.

இந்தக் கல்விப் பணிக்கு ஈழத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. 1970களின் பிற்பாதியில் வவுனியாவை மையமாக வைத்துக் ‘காந்தியம்’ என்ற அமைப்பு இயங்கியது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். ராஜசுந்தரம் ஆகிய இருவரும் அதன் தலைமைத் தொண்டர்கள். மெல்போர்னில் படித்து, கென்யாவில் வேலை பார்த்த டேவிட் நல்ல வருமானத்தை விட்டு இப்பணிக்கு வந்தவர். 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்த, தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர்களை இருவரும் நிலத்தில் குடியேற்றினார்கள்; இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கிராமந்தோறும் பாலர் பள்ளிகள் திறந்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட், அந்தச் செப்டம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பில் வெளியேறித் தமிழ்நாட்டுக்கு வந்து, நீண்ட காலம் சென்னையில் வாழ்ந்தார், 2015இல் காலமானார். பாலர் பள்ளி நடத்தியவர்களுக்கு நேர்ந்த இந்த முடிவை நினைக்காமல் ஈழக் கல்வித் தொண்டின் வரலாற்றை எழுத முடியாது.

காந்தியம் குடியேற்றிய மலையக மக்களில் பலர் மறுபடியும் பெயர்ந்து மன்னார்க் கரையிலிருந்து படகேறினார்கள். அவர்கள் முதலில் வந்து இறங்கிய மண்டபம் முகாம், ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த அதே இடம். பூட்டன் போன வழியில் கொள்ளுப்பேரப்பிள்ளை திரும்பி வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். 1983 முதல் 2012 வரை வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது தமிழ்நாடு அரசின் கணக்கு. கிடங்குகளையும் கைவிடப்பட்ட கட்டடங்களையும் சாக்காலும் தார்ப்பாயாலும் தடுத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த அறையில் சமையலும் தூக்கமும் போக, படிக்க இடம் ஏது? இலங்கையில் சாதாரண தரம், உயர்தரம் என்று படித்த பிள்ளை இங்கே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முறைக்குள் புக வேண்டும். கையில் மாற்றுச் சான்றிதழும் இருக்காது. எரிந்த வீட்டோடு போயிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் கழகத்தின் மாலை நேர வகுப்புகள் நுழைந்தன. அரசுப் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளை முகாமிலேயே உட்காரவைத்து, படித்த இளைஞர்களும் பெண்களும் பாடம் சொன்னார்கள். சிறு குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி. கல்லூரிக்குப் போக வேண்டியவர்களுக்கு விண்ணப்பம், கட்டண உதவி, அதிகாரிகளிடம் பேச ஆள். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விடும் முகாமில், பிள்ளை பள்ளிக்குப் போனதா என்று வீடு வீடாகப் போய் விசாரித்தவர்களும் இவர்களே. போரைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு எழுத்து சொல்லித்தரும் முன் பயம் தெளியவைக்க வேண்டும். அதே பயத்தைச் சுமந்த ஒருவரால் அதை நன்றாகவே செய்ய முடிந்தது.

1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட பின் எல்லாம் இறுகியது. ஏதிலிப் பிள்ளைகளின் கல்விச் சேர்க்கை தடைபட்டது. தொழிற்கல்வியில் இருந்த இடஒதுக்கீடு நீக்கப்பட்டது. முகாமுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழைவதும் தடுக்கப்பட்டது. படிப்பு நடுவில் நின்ற ஒரு தலைமுறை உருவானது இக்காலத்தில்தான். குற்றத்தோடு தொடர்பில்லாத பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தது பெரிய அநீதி. 1996இல் தமிழ்நாட்டில் நடந்த ஆட்சி மாற்றத்துக்குப் பிறகே உயர்கல்வி வாயில் மீண்டும் திறந்தது.

வகுப்பறைக்கு இணையாகக் கழகம் உழைத்த இன்னொரு களம் ஆவணங்கள். இந்தியாவில் 1987 ஜூலை 1ஆம் நாள் முதல் பிறந்த குழந்தைக்குப் பிறப்பினால் மட்டும் குடியுரிமை கிடைப்பதில்லை. எனவே முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்து, இலங்கைத் துணைத் தூதரகம் வழியாக அந்நாட்டுக் குடியுரிமையைப் பதிவு செய்யும் வேலையில் தொண்டர்கள் ஆண்டுக்கணக்காக அலைந்தார்கள். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழருக்கு 2003இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், 2009 திருத்தத்தின் மூலம் இந்திய முகாம்களில் இருந்தவர்களுக்கும் பொருந்தியது. அன்று வாங்கிவைத்த தாள் இல்லாவிட்டால், ஊர் திரும்பிய பிள்ளை அங்கே பள்ளியில் சேர்வதும் தேர்வு எழுதுவதும் கடினமாகியிருக்கும். ஊர் திரும்பியவர்களுக்காகக் கழகம் இலங்கையிலும் கிளை அமைத்தது.

முகாம் பிள்ளைகள் படிக்கும் இடமும் பின்னாளில் மாறத் தொடங்கியது; திண்டுக்கல் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்நகரைச் சூழ்ந்த சமவெளியில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகிய இடங்களில் முகாம்கள் இருந்தன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் முகாம்களுக்கு 7,469 புதிய வீடுகளும் மாணவர்களுக்குக் கல்வி உதவியும் இடம்பெற்றன. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. திண்டுக்கல்லின் அந்த மூன்று முகாம்களின் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் கட்டிய 321 வீடுகளை 2022 செப்டம்பர் 14 அன்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்துவைத்தார். தார்ப்பாய்க்குள் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இப்போது கான்கிரீட் கூரையும் கதவும் உண்டு.

படித்து முடித்த பின் வரும் தடை இன்னும் விலகவில்லை. பொறியியல், வணிகவியல் பட்டம் வாங்கிய முகாம் இளைஞர்கள் பலர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். குடியுரிமை இல்லாததால் அரசுப் பணி கிடையாது, பெருநிறுவனங்களும் தயங்குகின்றன. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களையே கருத்தில் கொண்டது; இலங்கை அதில் இல்லை.