கணையம் சுரப்பதை அளந்த கதை



எங்கள் காரைக்குடிப் பக்கம் கல்யாண விருந்து என்றால் இலையில் நெய்யும் எண்ணெயும் தாராளமாக ஓடும். செரிக்கவில்லை என்றால் எல்லோரும் திட்டுவது வயிற்றைத்தான்! ஆனால் கொழுப்பைச் செரிக்கும் பெரும்பங்கு வேலை, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்துடையது. அது சுரப்பதை எப்படி அளந்தார்கள் என்று பார்ப்போமா?

1664இல் டச்சுக்காரர் ரெய்னியர் டி கிராஃப், ஒரு நாயின் கணையக் குழாயில் பறவை இறகின் தண்டைச் செருகிக் கணைய நீரைச் சேகரித்தார். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் கணையத்தைச் சுரக்கத் தூண்டும் செக்ரெட்டினைக் கண்டுபிடித்தார்கள். 1936இல் ஸ்வீடனில் ஆக்ரென், லாகர்லோஃப் இருவரும் அதையே மனிதர்களின் நரம்பில் ஊசியாகப் போட்டு, குடலுக்குள் குழாய் விட்டு, வரும் நீரை அளந்தார்கள். இன்றும் துல்லியமானது இந்த முறைதான். ஆனால் நோயாளிக்கு அவஸ்தை!

குழாய் இல்லாத வழியும் உண்டு. தினம் 100 கிராம் கொழுப்பு சாப்பிட்டு, மூன்று நாள் மலத்தை முழுதாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 7 கிராமுக்கு மேல் கொழுப்பு வெளியேறினால் கோளாறு. இதில் ஒரு சிக்கல். கணையத்தின் சுரக்கும் திறனில் சுமார் 90 சதவீதம் போன பிறகுதான் கொழுப்பு இப்படி வெளியேறும். அதாவது, இந்தச் சோதனை சொல்லும்போது பாதிப்பு முற்றியிருக்கும்.

இது நம் ஊர்க் கதையாவது எப்படி? 1959இல் இந்தோனேசியாவில் சூடெமா என்பவர், ஏழை இளைஞர்களிடம் கணையக் கற்களும் சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதை எழுதினார். கேரளாவில் டாக்டர் கீவர்கீஸ் இதே நோயைப் பல வருடம் ஆராய்ந்து 1968இல் புத்தகமே வெளியிட்டார். மது குடிக்காதவர்களுக்கும் வந்த நோய் இது. தமிழ்நாட்டிலும் இருந்தது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறவரிடம் தினம் 100 கிராம் கொழுப்பு சாப்பிடச் சொன்னால் என்ன செய்வார்?

சென்னையில் டாக்டர் வி. மோகன், டாக்டர் எம். விஸ்வநாதன் குழுவினர் இந்த நோயாளிகளின் கணையச் சுரப்பை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார்கள். மலத்தில் உள்ள கைமோட்ரிப்சின் என்ற நொதியை அளந்தார்கள். குழாயும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். ஆனால் நொதி மாத்திரை சாப்பிடுகிறவர் சில நாள் அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரையில் உள்ளதும் கணக்கில் சேர்ந்துவிடும். 1990களில் வந்த எலாஸ்டேஸ் சோதனையில் அந்தத் தொல்லையும் இல்லை. கொஞ்சம் மலம் போதும். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்று சந்தேகிப்பார்கள். ஆனாலும் லேசான பாதிப்பை இது தவறவிடும். தண்ணீராகப் போகும் மலத்தில் பொய்யாகவும் குறைத்துக் காட்டும்.

இறகுத் தண்டில் தொடங்கியது, ஒரு சின்ன டப்பாவில் வந்து நிற்கிறது. குறைபாடு தெரிந்தால் சாப்பாட்டோடு நொதி மாத்திரை கொடுக்கலாம். இளைத்த உடம்பு தேறும். அடுத்த தடவை யாராவது "சாப்பிடுறேன், உடம்புல ஒட்டமாட்டேங்குது" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். மலம் எண்ணெய்ப் பசையாகப் போகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.