குளியலறைக் கழிவுக் குழாய் மாற்றம்

வீட்டில் குளியலறையை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது கழிவுநீர்க் குழாயின் தடத்தைத் திருப்பும் வேலை. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது அடிக்கடி வரும். விழுப்புரத்தின் ஒரு பகுதியில் பாதாளச் சாக்கடை உண்டு; அது இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க்தான் துணை. குழாய் எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டே தரையை உடைக்க வேண்டும். ஆனால் பலர் டைல்ஸ் நிறத்தில் தொடங்குகிறார்கள்.

குழாயின் வாட்டம், அதாவது சரிவுதான் உயிர். 75 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 என்று வைத்தால், 10 அடி ஓட்டத்துக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். தரைத்தளத்தில் மண்ணைத் தோண்டி இதைச் சமாளிக்கலாம். மாடியில், தாழ்த்திப் போட்ட தளம் இல்லையென்றால் குளியலறைத் தரையை உயர்த்தவோ, கீழ்வீட்டுக் கூரையடியில் குழாயைத் தொங்கவிடவோ நேரும். திருப்பத்தில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு நல்லது. அடைப்பெடுக்க மூடியுள்ள டோர் பெண்டும் வேண்டும். தரையில் நீர் இறங்கும் வாயில் வைக்கும் நஹானி டிராப்பில் 50 மி.மீ. நீர் நின்றால்தான் நாற்றம் ஏறாது. கட்டடக் கழிவுநீருக்கான பி.வி.சி. குழாய்களின் இந்தியத் தரம் ஐ.எஸ். 13592. கைவிட்ட பழைய குழாயின் வாயை மூடி போட்டு அடைக்க வேண்டும். தண்ணீர் கட்டிக் கசிவு பார்க்காமல் டைல்ஸ் ஒட்டவே கூடாது.