குருத்தணுவும் மெலிந்த கையும்: இயக்க நரம்புக்கல நோய்ச் சிகிச்சை பற்றிய ஒரு மறுப்புரை

பலாங்கொடைத் தோட்டமொன்றில் இருபது வயது இளைஞன் ஒருவனுக்கு வலக்கை மெலியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பால் வெட்டும் கத்தி பிடியில் நிற்பதில்லை. சட்டைப் பொத்தான் போட இடக்கை வேண்டியிருக்கிறது. தை மாதப் பனிக் காலையில் விரல்கள் இன்னும் மோசமாக விறைக்கின்றன. தோட்ட டிஸ்பென்சரி, பலாங்கொடை ஆதார வைத்தியசாலை, இரத்தினபுரி போதனா வைத்தியசாலை, கொழும்பு தேசிய வைத்தியசாலை என்று ஏறி இறங்குவதற்குள் மாதங்கள் கழிகின்றன. வழியில் எங்கோ 'மோட்டார் நியூரோன்', அதாவது இயக்க நரம்புக்கலம், என்ற சொல் காதில் விழுகிறது. அன்றிரவே லயத்தில் யாருடைய கைபேசியிலாவது ஒரு காணொளி ஓடும்: இந்தியாவில் குருத்தணு (ஸ்டெம் செல்) ஊசி போட்டுத் தேறிய ஒருவர் பேசுகிறார்.

அந்தக் காணொளி பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அதில் பேசுபவர் மெய்யாகவே தேறியிருக்கலாம். அப்படியிருந்தும் அது சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதற்கு வேண்டிய ஆதாரம் அமெரிக்க ஆய்வுகூடங்களில் இருப்பதைவிட நம் பக்கத்து நரம்பியல் இலக்கியத்தில்தான் கூடுதலாக இருக்கிறது.

1989 இல் ஜே. பி. பீரிஸும் அவருடைய இலங்கைச் சகாக்களும் பிரித்தானிய நரம்பியல் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இளவயதில் கையின் கீழ்ப்பகுதித் தசைகள் சூம்பும், குடும்ப வழியில் வராத, உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோயை அது விவரித்தது. யப்பானில் ஹிரயாமா 1959 இலேயே இதை எழுதியிருந்தார். பெங்களூரில் கௌரி தேவி 1984 இல் இதை ஒற்றை அவயவ மெலிவு என்றார். பெரும்பாலும் இளைஞர்களுக்கே வரும். சில ஆண்டுகள் வளரும். பிறகு தானாகவே நின்றுவிடும். கழுத்தைக் குனியும்போது தண்டுவடத்தின் உறை முன்னே நகர்ந்து தண்டுவடத்தை நெரிக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அதனால்தான் கழுத்தைக் குனியவைத்தும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும் என்கிறார்கள், கழுத்துப் பட்டை அணியச் சொல்கிறார்கள். குளிரில் விரல் விறைப்பதும் இந்நோயின் அறியப்பட்ட அடையாளம்தான்.

நம் இளைஞன் இந்த வகையைச் சேர்ந்தவன் என்றால், மூன்றாம் நான்காம் ஆண்டில் மெலிவு நிற்கும். அந்த நேரத்தில் குருத்தணு ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் புகழ். வேப்பிலை அடித்திருந்தால் மாரியம்மனுக்குப் புகழ்.

மலையகத் தமிழருக்கு நெருக்கமான இன்னொரு வகையும் உண்டு. 1970 இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், இராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் இளவயதினரிடம் கண்ட இயக்க நரம்புக்கல நோயின் தனிப் போக்கை எழுதினார்கள். கை கால் ஒருபக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் மெலியும்; முகமும் நாவும் தளரும்; காது கேளாமை சேர்ந்துகொள்ளும்; ஆனால் நோய் மெதுவாகவே நடக்கும். மருத்துவ உலகம் இதை இன்றும் 'மெட்ராஸ் மோட்டார் நியூரோன் நோய்' என்றே அழைக்கிறது. (நகரம் பெயரை மாற்றிக்கொண்டது, நோய் மாற்றிக்கொள்ளவில்லை.) பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 36 ஆண்டுகளில் தான் கண்ட 116 நோயாளரைத் தொகுத்து 2008 இல் வெளியிட்டது. நம் தோட்டங்களின் முன்னோர் 19 ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். எனவே சப்ரகமுவவில் நாத் தளர்ந்த ஒரு தமிழ் இளைஞனையோ யுவதியையோ பார்க்கும் வைத்தியர், காது கேட்கிறதா என்று சோதிக்காமல் அனுப்பக்கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. மெட்ராஸ் வகையைப் போலவே காது கேளாமையோடும் நாத் தளர்ச்சியோடும் வரும் ஒரு பரம்பரை நோய், ரைபோஃபிளேவின் எனும் பி2 விற்றமினைக் கலங்களுக்குள் கடத்தும் புரதத்தின் பழுதால் உண்டாகிறது. அதன் மரபணுக்கள் 2010 முதலே தெரியவந்தன. அதிக அளவு பி2 விற்றமின் கொடுத்தால் பலர் தேறுகிறார்கள். பல இலட்சம் செலவழித்துக் கடல் கடந்து ஊசி போடப் போகிறவர்களில் ஒருவருக்கேனும் வேண்டியது ஒரு மலிவான விற்றமின் மாத்திரையாக இருக்கலாம்.

'அது சரி, உண்மையான ஏ.எல்.எஸ். நோய்க்கு என்ன சொல்கிறீர்கள்' என்று கேட்கலாம். 1869 இல் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ விவரித்த, இயக்க நரம்புக்கல நோய்களில் கொடிய வகையான அந்நோயில் பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறக்கிறார்கள். பத்தில் ஒருவர் பத்தாண்டு கடந்தும் வாழ்கிறார். 1995 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ரிலுசோல் மாத்திரை, சோதனைகளில் ஆயுளை இரண்டு மூன்று மாதமே நீட்டியது. இந்த வறட்சியில்தான் குருத்தணு நம்பிக்கை முளைக்கிறது.

குருத்தணு என்ற தமிழ்நாட்டுச் சொல்லையே நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது கொஞ்சம் ஏமாற்றும் சொல். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி துளிர்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'குருத்து' என்றதும் மனம் எங்கே போகும் என்று தெரியும். இரத்தத்தில் அந்த உவமை பலிக்கிறது. எலும்பு மச்சை நாள்தோறும் புது இரத்தக் கலங்களைத் துளிர்க்கவைக்கிறது. ஆகவேதான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மரபணு திருத்திய இரத்தக் குருத்தணுக்களை ஐந்து ஹீமோஃபிலியா நோயாளருக்குச் செலுத்திய சோதனை பலன் தந்தது. இயக்க நரம்புக்கலம் வேறு சாதி. தண்டுவடத்தில் இருக்கும் ஒரு கலத்தின் இழை பாதத்தை எட்ட ஏறத்தாழ ஒரு மீற்றர் போகவேண்டும். அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே வளரும் என்பது பாடநூல் கணக்கு. புதிய கலம் ஒன்று தண்டுவடத்தில் ஊன்றிக்கொண்டாலும் பாதத்தைத் தொட ஆயிரம் நாள். நோய் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை.

ஆய்வாளர் இதை அறியாதவர்கள் அல்லர். அதனால் இறந்த கலத்துக்கு மாற்று வைப்பதை விட்டு, உயிரோடு இருக்கும் கலங்களுக்குத் துணைக்கலங்களை அனுப்பும் வழிக்கு மாறினார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில் 18 பேரின் தண்டுவடத்தில், ஒரு காலுக்குரிய பக்கத்தில் மட்டும் வளர்ச்சிப் புரதம் சுரக்கும் கலங்களை வைத்தார்கள். மறுகால் ஒப்பீட்டுக்கு. எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இந்த நேர்மைதான். 2022 இல் வெளியான முடிவு: கலங்கள் பிழைத்திருந்தன, ஆனால் இரு கால்களின் பலக்குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நியூரௌன் சோதனை இன்னும் பாடம் நிறைந்தது. நோயாளரின் சொந்த எலும்பு மச்சைக் கலங்களை முள்ளந்தண்டுத் திரவத்தில் செலுத்திய மூன்றாம் கட்ட ஆய்வு அது. சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு நோயின் வேகம் குறைந்தது. இதை மட்டும் காணொளியாக எடுத்திருந்தால் ஊர் திரண்டிருக்கும். ஆனால் வெறும் திரவம் பெற்றவர்களிலும் 28 சதவீதம் பேருக்கு அதே அளவு குறைந்தது. 2023 செப்டெம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 17 க்கு 1 என்று அதற்கு எதிராக வாக்களித்தது. அடுத்த மாதமே அதைத் தயாரித்த நிறுவனம் விண்ணப்பத்தை மீளப்பெற்றது. அந்த 28 சதவீதத்தினரையும் நம் ஊர்க் கைமெலிவு இளைஞனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த வெற்றிக் கதைக்கும் என்ன மதிப்பு என்று விளங்கும்.

இதனால் குருத்தணு ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை. அதன் மெய்யான பயன் உடலுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் இருக்கிறது. யப்பானிய ஆய்வாளர் யமனாக்கா 2006 இல் சாதாரணக் கலத்தைக் குருத்தணுவாகத் திருப்பிக் காட்டினார். 2008 இல் ஹார்வர்ட் ஆய்வாளர், ஏ.எல்.எஸ். கொண்ட 82 வயதுப் பெண் ஒருவரின் தோலிலிருந்தே இயக்க நரம்புக்கலங்களை வளர்த்தார்கள். அப்படி வளர்த்த கலங்களில் பழைய மருந்துகளைச் சோதித்தபோது, பார்க்கின்சன் நோய்க்குத் தரும் ரோபினிரோல் கவனத்துக்கு வந்தது; தோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகம் அதை 20 நோயாளரிடம் சோதித்து 2023 இல் முடிவை வெளியிட்டது. சிறிய ஆய்வு, ஆனால் நம்பிக்கை தருவது. மெட்ராஸ் நோய் கொண்ட ஒருவரின் தோலும், பீரிஸ் விவரித்த வகை நோய் கொண்ட ஒருவரின் தோலும் அந்தத் தட்டுக்குப் போகவேண்டும் என்பதே தமிழ் நோயாளர் சார்பில் நாம் வைக்கவேண்டிய கோரிக்கை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2007 இல் வெளியிட்ட குருத்தணு வழிகாட்டியின் தலைப்பில் 'ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்று இருந்தது. 2013 இல் 'சிகிச்சை' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். 2017 பதிப்பு, இரத்தக் குருத்தணு மாற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட நோய்கள் தவிர, சோதனைக்கு வெளியே குருத்தணு கொடுப்பதை ஏற்கவில்லை. காணொளி இந்தத் தலைப்பு மாற்றத்தைச் சொல்லாது.

அடிப்படை நாட்சம்பளம் 2024 இல்தான் 1,350 ரூபாயை எட்டிய தோட்டங்களில் வாழும் ஒரு வீடு, சேமலாப நிதியை எடுத்தும் நகையை ஈடு வைத்தும் பல இலட்சம் திரட்டும்போது இழப்பது பணத்தை மட்டுமல்ல, மெய்யாகவே உதவும் கவனிப்பையும்தான். முகமூடி வழியே இரவில் மூச்சுக்கு உதவும் கருவி, விழுங்குதல் அதிகம் கெடாத ஏ.எல்.எஸ். நோயாளரின் ஆயுளை ஏறத்தாழ ஏழு மாதம் நீட்டியதை இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வு 2006 இல் காட்டியது. ரிலுசோல் தருவதைவிட இது அதிகம். அந்தக் கருவிக்கு வேண்டியது லய அறையில் தடையில்லா மின்சாரமும், அதைப் பொருத்திக் காட்ட ஒரு தாதியும். தொழிற்சங்கங்களும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் கேட்கவும் கொடுக்கவும் கூடியவை இவை.

ஆகவே சப்ரகமுவ வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். மெலிந்த கையோடு வரும் இளைஞரின் கோப்பில் மூன்று விடயங்களை எழுதிவையுங்கள்: கழுத்தைக் குனியவைத்து எடுத்த எம்.ஆர்.ஐ., செவிப் பரிசோதனை, நோய் தொடங்கிய மாதமும் ஆண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைப்பிடியின் பலத்தை அளந்து அதற்குக் கீழே குறியுங்கள்.