புழுவே சாட்சி: மெட்ராஸ் எழுதிய கொசுச் சட்டம்

இன்னைக்கு எபிசோட் ஒரு சட்டத்தைப் பத்தி. ஓடிடாதீங்க, கொசுவைப் பிடிக்கிற சட்டம்தான்.

நந்தனம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது பழக்கமான காட்சி. காலையில காலிங் பெல் அடிக்கும். வாசல்ல மாநகராட்சியின் டி.பி.சி. ஊழியர், கையில டார்ச். சம்ப், மொட்டை மாடி டேங்க், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு வரைக்கும் பார்ப்பாங்க. "நம்ம வீட்டுக்குள்ள வந்து பார்க்க இவங்களுக்கு என்ன உரிமை?"ன்னு சிலர் முணுமுணுப்பாங்க. அந்த உரிமைக்கு வயசு எண்பதுக்கு மேல.

1939-ல், ராஜாஜி தலைமையிலான மாகாண அரசு மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே இந்த வகையில் இதுதான் முதல் சட்டம். இன்னமும் நடைமுறையில் இருக்கு. 2020-ல கொரோனா விதிகளை மீறினா அபராதம்னு சொன்னாங்க இல்லையா, அதுக்கும் இதே சட்டத்தைத்தான் திருத்தினாங்க.

இதில் கொசுவுக்கென்றே தனிப் பகுதி உண்டு. கொசு உற்பத்தியாகும்படி யாரும் தண்ணீரைத் தேங்க விடக்கூடாது. சரி, உங்க வீட்டுக் கொசுதான்னு எப்படி நிரூபிக்கிறது? கொசு பறந்துடும், புழு பறக்காது. தண்ணீரில் கொசுப்புழு இருந்தால் அதுவே ஆதாரம் என்று சட்டம் சொல்கிறது. லாக் ஃபைலைப் பார்த்து பிழையைப் பிடிக்கிற மாதிரி. எழுதினவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை.

மலேரியா கெட்ட காற்றால் வருதுன்னு உலகம் ரொம்ப காலம் நம்பிச்சு. 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டார். அதுக்கப்புறம்தான் பார்வை காற்றிலிருந்து தண்ணீருக்குத் திரும்பியது.

அதுவும் எந்தத் தண்ணீர்? கூவத்தை எல்லாரும் திட்டுறோம். ஆனா நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சிக்குப் பிடிச்சது கிணறும் மேல்நிலைத் தொட்டியும். டெங்கு, சிக்குன்குன்யாவைப் பரப்பும் ஏடிஸும் வீட்டுத் தண்ணீரில்தான் வளரும். 1964-ல் சிக்குன்குன்யா மெட்ராஸைப் புரட்டிப் போட்டபோது இந்தச் சட்டத்துக்கு வயது 25. 2006-ல் அதே நோய் தமிழ்நாட்டில் மறுபடியும் பரவியது. சட்டம் இருந்துச்சு, குழாயில தண்ணிதான் இல்ல. லாரித் தண்ணியை டிரம்மில் பிடிச்சு வைக்கிற ஊர்ல கொசுவுக்கு இடத்துக்கா பஞ்சம்? வெயில் ஏறினால் புழு இன்னும் சீக்கிரம் கொசுவாகும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். வாரம் ஒருமுறை கொட்டச் சொல்வது அதனால்தான். கொட்டினா மட்டும் போதாது, தேய்ச்சுக் கழுவணும். ஏடிஸ் முட்டை டிரம்மின் சுவரில் ஒட்டிக்கிட்டு, காய்ஞ்ச நிலையில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இன்னொண்ணு, இதை யாரும் அதிகம் பேசுறதில்ல. அந்தத் தடை தனிநபருக்கு மட்டும் இல்லை, உள்ளாட்சி அமைப்புக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. நோட்டீஸ் நம்ம வீட்டுக்கு வருது. தெருவில் பாதியில் நிற்கும் மழைநீர் வடிகால் பள்ளத்துக்கு யார் நோட்டீஸ் கொடுப்பாங்க? ரெண்டு இடத்திலும் இருக்கிறது ஒரே புழு, ஒரே சாட்சி.

டார்ச்சோடு வந்தா கதவைத் திறங்க, டேங்க் மூடியையும் திறந்து காட்டுங்க. அப்படியே அந்தப் பள்ளத்தை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு, 1913-க்குக் கூப்பிட்டுப் புகார் எண்ணையும் வாங்கிடுங்க.